பழுது வேறு, கழிவு வேறு

பின்னறை கையை விட்டுப் போகப் போகிறது என்ற செய்தி ஸ்டோர் கீப்பருக்குக் காலை டீயோடு வந்து சேர்ந்தது. டீயில் சர்க்கரை சரியாக இருந்தது. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். மனைவி டீயில் சர்க்கரையைச் சரியாகப் போடுகிற நாளில் வீட்டில் ஏதோ ஒரு தீர்மானம் ஏற்கனவே நிறைவேறியிருக்கும். அவருக்குத் தெரிவிப்பது மட்டும்தான் பாக்கி இருக்கும்.

"ஏங்க, பின்னறையைக் காலி பண்ணிடலாம்னு இருக்கேன்."

"எந்தப் பின்னறை?"

"நம்ம வீட்ல எத்தனை பின்னறை இருக்கு?"

"அதுல சாமான் இருக்கே."

"அதனாலதான் காலி பண்றேன். சாமான் இல்லாத அறையை எப்படிங்க காலி பண்றது?"

பேச்சில் அவளை மடக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். டீயைக் குடித்தார்.

அவர் பஸ் பணிமனையில் ஸ்டோர் கீப்பர். காலையிலிருந்து மாலை வரை ஒரு சின்ன ஜன்னல் வழியாகத் தலைகள் எட்டிப் பார்த்து எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். பெல்ட் குடு. பல்பு குடு. போன வாரம் குடுத்த போல்ட் சரியில்லை, வேற குடு. வீட்டுக்கு வந்ததும் பின்னறைக்குள் போய் முக்காலியில் கொஞ்ச நேரம் உட்காருவார். அங்கே இருக்கிற எதுவும் அவரிடம் எதையும் கேட்காது. கேட்கிற நிலைமையில் எதுவும் இல்லை. பாடாத ரேடியோ. உறிஞ்சாத தூசு மெஷின். ஒரு பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்ட மேஜை மின்விசிறி. சூடேறாத இஸ்திரிப் பெட்டி. ஒரு காதில் மட்டும் கேட்கிற ஹெட்போன். எழுத்துக் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொண்ட டைப்ரைட்டர். இப்படி இன்னும் பல. எல்லாம் ஓர் இரும்பு ரேக்கில் தூசு தட்டி, அடுக்கி, பார்க்க அழகாக இருக்கும். அறையின் பல்புகூட எரியாது. அதையும் அவர் கழற்றவில்லை. அதுவும் அந்தக் குடும்பத்தில் ஒன்று என்று விட்டுவிட்டார்.

மனைவியின் கஷ்டம் வேறு. அவள் தையல் வேலை செய்கிறவள். பள்ளிச் சீருடை, ஜன்னல் திரை, பேன்ட் நீளம் குறைப்பது என்று தெருவில் பாதிப் பேரின் துணி அவள் கையில்தான். தையல் மெஷின் இருப்பதோ சாப்பாட்டு மேஜைமேல். சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் மெஷினைத் தூக்கிக் கீழே வைக்க வேண்டும், சாப்பிட்டதும் தூக்கி மேலே வைக்க வேண்டும். இடுப்பு விட்டுப்போயிருந்தது. போன வாரம் ஒரு குழந்தையின் வெள்ளைச் சட்டையில் மேஜையிலிருந்த எண்ணெய் பட்டுவிட்டது. எத்தனை தடவை அலசியும் போகவில்லை. கடைசியில் தன் கைக்காசில் துணி வாங்கிப் புதிதாகத் தைத்துக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் அழுதாள். ஸ்டோர் கீப்பரும் பக்கத்தில் உட்கார்ந்து வருத்தப்பட்டார். வருத்தப்பட்டு முடித்ததும் எழுந்து பின்னறைக்குப் போய்விட்டார்.

"எல்லாத்தையும் பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடலாங்க. மெஷினை உள்ள வச்சுக்கறேன்."

"போடறதா? அதெல்லாம் கழிவா? பழுதும்மா, பழுது."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

டீ டம்ளர் 'டங்' என்று மேஜையில் இறங்கியது. ஸ்டோர் கீப்பர் தம்மை என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வார். தொழிலைச் சொன்னால் பொறுக்க மாட்டார்.

"பழுது வேற, கழிவு வேற. ஒரு திருகாணி குறையாம முழுசா இருந்தா அது பழுது. இன்னிக்கு இல்லாட்டியும் என்னைக்காவது திருந்தும். உள்ள இருந்து ஒரே ஒரு உறுப்பை எடுத்துட்டோம்னா அது கழிவு. என் ஸ்டோர்ல உறுப்பு எடுத்த சாமான் தங்கவே தங்காது. எடுத்த அன்னிக்கே வெளியே. ஏன் தெரியுமா?"

"தெரியும். முழுசா இருக்குன்னு நினைச்சு எவனாவது வண்டில மாட்டிடுவான், வண்டி நடு ரோட்டுல நிக்கும். கல்யாணமான நாள்ல இருந்து கேக்கறேன்."

"கேட்டா மட்டும் போதாது. மனசுல பதியணும்."

"நல்லாவே பதிஞ்சிருக்குங்க."

"நம்ம அறையில இருக்கறது அத்தனையும் முழுசு."

"சரி. நீங்க எதுல சேத்தி? பழுதா, கழிவா?"

"எனக்கு எல்லா உறுப்பும் இருக்கு."

"அப்ப திருந்துவீங்கன்னு நம்பலாம்."

இந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு லைன்மேன். மின்கம்பத்தில் ஏறி இறங்கியே கால் வளைந்தவர். கையில் ஒரு பேன்ட்.

"தங்கச்சி, இதை ரெண்டு விரல் குறைக்கணும்மா. காலையிலேயே என்ன பஞ்சாயத்து?"

மனைவி விஷயத்தைச் சொன்னாள். ஸ்டோர் கீப்பருக்கு இது பிடிக்கவில்லை. அவளை ஒரு தடவை தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டதால், முறைப்படி லைன்மேன் அவருக்கு மச்சான் ஆகிவிட்டார். தங்கை வீட்டு வழக்கில் மச்சான் யார் பக்கம் சாய்வார் என்பது உலகம் அறிந்தது.

"ஏன் மாப்ளே," என்றார் லைன்மேன், "அந்த ரூம்ல இருக்கறதுல ஒண்ணாவது வேலை செய்யுமா?"

"கொஞ்சம் கை வச்சா எல்லாமே செய்யும்."

"எல்லாம் வேணாங்க," என்றாள் மனைவி. குரல் ரொம்ப சாதுவாக இருந்தது. "ஒண்ணே ஒண்ணு செஞ்சு காட்டுங்க. அந்த மூணு பேட்டரி டார்ச் இருக்குல்ல, நீட்டமா, அது எரியட்டும். எரிஞ்சுதுன்னா அந்த அறையில இருக்கற ஒரு சாமான் மேலயும் நான் கை வைக்க மாட்டேன். ஆயுசுக்கும்."

"எரியலைன்னா?"

"மறுநாளே மெஷின் உள்ள போகும்."

ஸ்டோர் கீப்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்த டார்ச்சில் ஒரு கோளாறும் இல்லை. பேட்டரி தீர்ந்த பிறகு யாரும் வாங்கிப் போடவில்லை, அவ்வளவுதான். இத்தனை வருடக் குடித்தனத்தில் இவள் இப்படி வந்து தானாக வலையில் விழுந்ததே இல்லை.

"வாக்கு மாற மாட்டியே?"

"லைன்மேன் அண்ணா சாட்சி. இந்த நிமிஷத்துல இருந்தே கை வைக்க மாட்டேன், போதுமா?"

"அப்ப வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாத்துடலாம்," என்றார் லைன்மேன். "நம்ம தெருவுல கம்பி மாத்தற வேலை இருக்கு. கரண்ட் இருக்காது. எரியுதா இல்லையான்னு இருட்டுல சந்தேகமே வராது."

சாயங்காலம் ஸ்டோர் கீப்பர் விசிலடித்துக்கொண்டே தெருமுனைக் கடைக்குப் போனார். பேட்டரி கேட்டார். கடைக்காரர் ஒரு சின்ன அட்டையை எடுத்துப் போட்டார்.

"இது பென்சில் பேட்டரி. நான் கேக்கறது பெரிசு. குண்டா இருக்குமே."

"அதுவா? அதெல்லாம் இப்ப யார் சார் கேக்கறாங்க? விக்கறதை நிறுத்தியே ரொம்ப நாளாச்சு."

அடுத்த கடையிலும் இதே பதில். அதற்கடுத்த கடைக்காரர் பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சிரித்தார். விசில் பாதி வழியிலேயே நின்றுபோயிருந்தது.

வீட்டுக்கு வந்தவரை மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மேஜைமேல் டார்ச்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே இருட்டு. பென்சில் பேட்டரியைப் போட்டுப் பார்த்தார். கிணற்றில் கல் விழுந்ததுபோல 'டொணக்' என்று சத்தம் வந்தது. பேட்டரி ஒல்லி. உயரமும் குறைச்சல். ஒல்லியைக் குண்டாக்க வேண்டும், குட்டையை நெட்டையாக்க வேண்டும். அவர் மூளையில் பளிச்சென்று ஒரு யோசனை அடித்தது.

"இந்தா பாரு, நான் ஒரு அடாப்டர் செய்யப்போறேன்."

"அப்படின்னா?"

"பென்சில் பேட்டரிக்குச் சட்டை மாட்டி விடறது. பெரிய பேட்டரி மாதிரியே ஆயிடும். டார்ச்சுக்கு வித்தியாசமே தெரியாது."

"ஏமாத்தறீங்கன்னு சொல்லுங்க."

"அது டார்ச்சும்மா. மனுஷன் இல்லை."

முதலில் செய்தித்தாளைச் சுற்றிப் பார்த்தார். பேட்டரி குண்டானது. ஆனால் ஒன்றையொன்று தொடவில்லை. இடைவெளியில் சாக்லேட் காகிதத்தை உருட்டி வைத்தார். எரியவில்லை. குலுக்கினார். ஒரு மின்னல் அடித்து அணைந்தது. திரும்பக் குலுக்கினார். டார்ச் எரிய வேண்டுமானால் அதைப் பிடித்திருப்பவர் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று தெரிந்தது. சாக்லேட் காகிதத்தை இன்னும் நீளமாக வைத்தார். அது மேல்முனையையும் அடிமுனையையும் சேர்த்துத் தொட்டுவிட்டது. சற்று நேரத்தில் டார்ச் சுடச் சுடக் காய்ந்தது. அவர் 'ஆ' என்று கீழே போட்டுவிட்டார்.

"வெளிச்சம் வரலைன்னாலும் இஸ்திரி போட ஆகும் போல," என்றாள் மனைவி, பேன்ட் ஓரத்தைத் தைத்துக்கொண்டே. பிறகு எட்டிப் பார்த்தாள். "எனக்கென்னங்க தெரியும், ஆனா நடுவுல இருக்கறது தலைகீழா இருக்கு."

"தெரியும். அது சோதனை."

திருப்பிப் போட்டார்.

மறுநாள் காலை இன்னொரு சங்கடம். பேட்டரிக்காக முந்தின சாயங்காலமே டிவி ரிமோட்டையும் சுவர்க் கடிகாரத்தையும் காலி செய்திருந்தார். கடிகாரத்தைக் காலி செய்த ஆளே அதைப் பார்த்து, நேரம் இருக்கிறது என்று நிதானமாகக் குளித்தார், நிதானமாகச் சாப்பிட்டார், நிதானமாக வேலைக்குப் போனார். பணிமனை ஜன்னலுக்கு வெளியே தலைகள் வரிசை கட்டி நின்றன. அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் தாமதமாகப் போனதே இல்லை. ஒரு மெக்கானிக், "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டே பார்த்துவிட்டான்.

அன்று மாலை அவர் மேஜையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். காகிதச் சட்டை உதவாது. சரியான அளவில் ஒரு குழாய் வேண்டும். அடியில் ஸ்பிரிங் வேண்டும். பணிமனை ஸ்டோரில் ஸ்பிரிங்கும் போல்ட்டும் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. ஆனால் அங்கிருந்து ஒரு வாஷர்கூட வீட்டுக்கு வந்ததில்லை. அந்த விஷயத்தில் மனுஷன் நெருப்பு.

"எனக்கென்னங்க தெரியும்," என்று ஆரம்பித்தாள் மனைவி, "ஆனா அந்தத் தூசு மெஷினுக்கு ஒரு நீளக் குழாய் இருக்குமே. பாத்தா டார்ச்சுக்குள்ள போற அளவுதான் தெரியுது."

அவர் நிமிர்ந்தார். ஓடிப்போய்க் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"ஸ்பிரிங்கு?"

"ரேடியோல பேட்டரி வைக்கற இடத்துல இருக்காதா?"

இருந்தது. குழாயைத் துண்டு துண்டாக அறுத்தார். ஸ்பிரிங்கைப் பிடுங்கிப் பொருத்தினார். வேலை மளமளவென்று நடந்தது. மனைவி தையல் மெஷினைத் தானே கீழே இறக்கி வைத்து, "இங்கேயே வெளிச்சத்துல உக்காந்து செய்யுங்க, உள்ள பல்பு எரியாது" என்று மேஜையை முழுக்க விட்டுக்கொடுத்தாள். தோற்கப்போவது தெரிந்தும் உதவுகிறாளே, இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்தார்.

வேலை முடிந்து, ரேடியோவையும் தூசு மெஷினையும் எடுத்துக்கொண்டு பின்னறைப் பக்கம் நடந்தார்.

"ஏங்க, ஒரு சந்தேகம். உங்க ஸ்டோர்ல இப்படிச் செய்வீங்களா?"

"எப்படி?"

"உறுப்பு எடுத்ததை ரேக்குல வைப்பீங்களா?"

அவர் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. கையில் இருந்த ரேடியோவைப் பார்த்தார். நேற்று வரை அது பழுது. இன்றைக்கு ஐயமே இல்லாமல் கழிவு. முகம் சிவந்தது. ஊருக்கு ஒரு சட்டம், தன் வீட்டுக்கு ஒரு சட்டமா? அதிலும் மனைவி கேட்டு!

"இது வெளியே போகப்போறது. கொண்டு போறதுக்குத்தான் எடுத்தேன்," என்று சட்டென்று வாசல் பக்கம் திரும்பினார்.

தெருவில் பழைய சாமான்காரரின் மணிச் சத்தம் கேட்டது. இரண்டையும் அவர் வண்டியில் வைத்தார். மனம் கனத்தது. ஆனால் நடந்தது நியாயம். நியாயம் நடந்த இடத்தில் அழக்கூடாது என்று உள்ளே வந்துவிட்டார்.

அடாப்டரைப் போட்டதும் டார்ச் எரிந்தது. ஆனால் சட்டைக்கு ஒன்றாகப் போட்ட பென்சில் பேட்டரிகளுக்கு அந்தப் பல்பை இழுக்கத் தெம்பு இல்லை. சற்று நேரத்தில் வெளிச்சம் சோர்ந்து மஞ்சளானது.

"பரவாயில்லீங்க. அணையறதுக்குள்ள லைன்மேன் அண்ணாவைப் பாக்கச் சொல்லிடலாம்."

இது குத்திவிட்டது. ஒரு சட்டைக்குள் மூன்று பென்சில் பேட்டரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தால் தெம்பு மூன்று மடங்கு. அதற்கு மேலும் கீழும் பித்தளைத் தகடு வேண்டும். ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி ஸ்பிரிங் வேண்டும். இஸ்திரிப் பெட்டிக்குள் தகடு இருக்கும் என்று அவருக்கே தோன்றியது. இப்போது அவருக்கு ருசி பிடித்துவிட்டது. மின்விசிறியின் சுவிட்சிலும் தகடு இருந்தது. உள்ளே பேட்டரிகள் குலுங்காமலிருக்க ஹெட்போனின் பஞ்சு பொருத்தமாக வந்தது. எது எதுவாகவோ இருந்தது எல்லாம் அடாப்டராக மாறிக்கொண்டிருந்தது. தினமும் வேலை முடிந்ததும், கழிவானதை அவரே சுமந்து வாசலுக்குப் போனார். பழைய சாமான்காரர் இப்போதெல்லாம் மணியடிப்பதில்லை. வந்து வாசலில் நின்றுகொண்டு, "இன்னிக்கு என்ன சார்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

மின்விசிறியின் அடிப்பாகம் இரும்பு. தூக்க முடியவில்லை.

"ஏம்மா, இந்த முனையைக் கொஞ்சம் பிடி."

மனைவி சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "ஐயையோ, நான் மாட்டேன். ஒரு சாமான் மேலயும் கை வைக்க மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

"இப்ப நான்தானே சொல்றேன்?"

"யார் சொன்னா என்னங்க? வாக்குன்னா வாக்கு."

அவர் அசந்துபோனார். வாக்கு என்றால் இப்படி அல்லவா காப்பாற்ற வேண்டும்! மூச்சு வாங்க, தனியாகவே மின்விசிறியை இழுத்துக்கொண்டு போனார்.

ஸ்பிரிங் மட்டும் போதவில்லை. ரேக்கின் முன்னால் நின்று யோசித்தார். டைப்ரைட்டருக்குள் ஸ்பிரிங் எக்கச்சக்கமாக இருக்கும். ஆனால் அது டைப்ரைட்டர். அவர் முதல் வேலைக்கு மனு அடித்தது அதில்தான். அதன் மேல் தினமும் ஒரு துணி போர்த்தி வைப்பார். துணியை மெல்ல விலக்கினார்.

"வேணாங்க," என்றாள் மனைவி, வாசலிலிருந்தே. "அது உங்க உயிரு. டார்ச் கொஞ்சம் மங்கலா எரிஞ்சா என்ன இப்ப? லைன்மேன் அண்ணா ஒண்ணும் சொல்ல மாட்டார். மிஞ்சிப் போனா சிரிப்பார். அவ்வளவுதானே?"

"சிரிப்பாரா?"

"தெருவுல நாலு பேர்கிட்ட சொல்வார். வேற என்ன பண்ணிடுவார்?"

ஸ்டோர் கீப்பர் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். எடுத்த ஸ்பிரிங் ஒவ்வொன்றையும் எண்ணெய் போட்டுத் துடைத்து அடாப்டரில் வைத்தார். அன்று மாலை டைப்ரைட்டர் துணியைப் போர்த்தியபடியே வண்டியேறியது. அவர் கண் கலங்கியது நிஜம். மனைவிக்கும் மனம் கேட்கவில்லை. அன்றைக்கு அவருக்கு இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தாள். இரண்டிலும் சர்க்கரை சரியாக இருந்தது.

வியாழக்கிழமை லைன்மேன் பேன்ட்டை வாங்க வந்தார். மேஜைமேல் வரிசையாக நின்ற அடாப்டர்களை எடுத்துப் பார்த்தார். உருட்டிப் பார்த்தார். ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தார்.

"மாப்ளே, இது சாதாரண வேலை இல்லை. எங்கிட்டயும் இதே மாதிரி ஒரு நீட்டு டார்ச் சும்மா கிடக்கு. எனக்கும் ஒரு செட் பண்ணிக் குடேன்."

வாழ்க்கையில் முதல்முறையாக யாரோ அவரிடம் ஒன்றைக் கேட்டது அவருக்கு இனித்தது. மார்பு கொஞ்சம் விரிந்தது.

"பண்ணிட்டாப் போச்சு. என்ன, தலைப்பக்கம் வைக்க ஒரே அளவுல போல்ட் வேணும். உயரம் அதுலதான் சரியாகும்."

"எனக்கென்னங்க தெரியும்," என்றாள் மனைவி. "ஆனா ரேக்கு பூரா ஒரே அளவு போல்ட்டுதானே?"

அவர் போய்ப் பார்த்தார். ஆமாம். அத்தனையும் ஒரே அளவு. ரேக்கில் பாரம் அதிகம் இல்லாததும் கழற்ற வசதியாகப் போயிற்று. மிச்சமிருந்த சூட்கேஸையும் தொலைபேசியையும் இறக்கித் தரையில் வைத்தார். சூட்கேஸின் பூட்டிலும் தொலைபேசிக்குள்ளும் நல்ல தகடு இருந்தது கண்ணில் பட்டது. லைன்மேனின் செட்டுக்கும் தகடு வேண்டுமே. எடுத்தார். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. இரும்பு ரேக் போல்ட் இழந்து பலகை பலகையாகச் சுவரில் சாய்ந்தது. உறுப்பு போன ரேக் என்ன என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்கே தெரியும். பழைய சாமான்காரர் அன்றைக்கு இரண்டு தடவை வந்து போக வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொன்னபடியே கரண்ட் போயிற்று. தெரு முழுக்க 'ஓ' என்று ஒரு சத்தம் கேட்டு அடங்கியது. லைன்மேன் தட்டுத்தடுமாறி உள்ளே வந்து நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மனைவி சுவரோரம் நின்றாள். ஸ்டோர் கீப்பர் அடாப்டர்களை ஒவ்வொன்றாக டார்ச்சுக்குள் இறக்கினார். மூடியைத் திருகினார். எரியாவிட்டால் நாளைக்கு அவருக்கு உட்கார ஓர் இடம் இல்லை. பணிமனை ஜன்னலிலிருந்து நேராகச் சாப்பாட்டு மேஜைக்கு வர வேண்டியதுதான். கண்ணை மூடிக்கொண்டு பொத்தானைத் தள்ளினார்.

எரிந்தது. சும்மா எரியவில்லை. எதிர்ச்சுவரில் தட்டு அளவுக்கு வெள்ளை வெளேரென்று வெளிச்சம் அறைந்தது. சுவரின் விரிசல்கூடத் தெரிந்தது. குலுக்கினார். அணையவில்லை. தலைகீழாகப் பிடித்தார். அணையவில்லை. லைன்மேன் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, "போதும் மாப்ளே, போதும். நான் கம்பத்துல மாட்டற விளக்கே இப்படி எரியாது" என்றார்.

"தீர்ப்பைச் சொல்லுங்க."

"தீர்ப்பென்ன தீர்ப்பு? தங்கச்சி, நீ தோத்துட்டே."

"தோத்துட்டேன் அண்ணா," என்றாள் மனைவி. ஒரு பிசகும் இல்லாத குரலில் சொன்னாள். "சொன்ன வாக்கு வாக்குதான். அந்த அறையில இருக்கற ஒரு சாமான் மேலயும் நான் கை வைக்க மாட்டேன்."

ஸ்டோர் கீப்பருக்குக் கால் தரையில் படவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் ஜெயித்த முதல் வழக்கு இது. ஜெயித்த டார்ச்சை அதற்குரிய இடத்தில் தம் கையால் வைக்க வேண்டும் என்று தோன்றியது. வெளிச்சத்தை முன்னால் விட்டுக்கொண்டு, ராஜநடை போட்டுப் பின்னறைக்குள் நுழைந்தார். தம் சாமான்கள் எல்லாம் இந்த வெளிச்சத்தில் தம்மைப் பார்க்கட்டும் என்று டார்ச்சை உயர்த்தினார்.

வெளிச்சம் சுவரில் விழுந்தது. நகர்த்தினார். அடுத்த சுவரில் விழுந்தது. கீழே இறக்கினார். தரையில் விழுந்தது. தரை சுத்தமாக இருந்தது. ஒரு மூலையில் அவருடைய முக்காலி மட்டும் நின்றது. மேலே எரியாத பல்பு தொங்கியது. டார்ச்சை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றார். ஒவ்வொன்றாகப் போனது அவருக்குத் தெரியும். எல்லாம் அவரே தூக்கிக்கொண்டு போனதுதான். மொத்தமாகப் போயிருப்பது இப்போதுதான் தெரிந்தது.

பின்னால் மனைவியும் லைன்மேனும் வந்து நின்றார்கள்.

"நான் எதையும் தொடலீங்க," என்றாள் மனைவி.

அது அட்சரம் பிசகாத உண்மை. தொடச் சொன்னபோதுகூட அவள் தொடவில்லை. முதுகுக்குப் பின்னால் கை கட்டி நின்றதற்கு அவரே சாட்சி. அவர் மெல்லத் திரும்பி லைன்மேனைப் பார்த்தார். லைன்மேன் எரியாத பல்பை மிகவும் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"கோபமாங்க?"

கோபமா என்று அவரும் யோசித்துப் பார்த்தார். யார் மேல் கோபப்படுவது? ரேடியோவைப் பிரித்தது அவர். டைப்ரைட்டரை வண்டியில் ஏற்றியது அவர். ரேக்கைக் கழற்றியதும் அவர்தான். சட்டமும் அவருடையதுதான்.

"இல்ல," என்றார்.

"எனக்குத் தெரியும், உங்களுக்குப் பெரிய மனசு. உக்கார உங்களுக்கு அந்த மூலையை விட்டுடறேன். மெஷின் சத்தம் பழகிடும்." அவள் இடுப்பிலிருந்து அளவு நாடாவை உருவி ஒரு முனையை லைன்மேனிடம் நீட்டினாள். "அண்ணா, இதை ஜன்னல் ஓரமா பிடிங்க. மெஷினுக்கு இடம் அளந்துடலாம்."

லைன்மேன் மறுபேச்சு பேசாமல் ஜன்னலோரம் போய்க் குந்தினார். மனைவி நாடாவைச் சுவர் நீளத்துக்கு இழுத்துக் குனிந்து பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கிக் கணவரைப் பார்த்தாள்.

"டார்ச்சு நல்லா செஞ்சிருக்கீங்க. கொஞ்சம் ஆடாம இந்தப் பக்கம் அடிங்க, நம்பர் தெரியல."